முதற்பனியும் சிறுபனியும்: தென் அப்பலாச்சியன் மலைகளின் முன்பனிக் காலம்

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். சாலையை மறைக்கும் மூட்டமும் பனிதான். உதகையின் புல்வெளியை ஓரிரவில் வெளுக்க வைக்கும் உறைபனியும் பனிதான். வானத்திலிருந்து பஞ்சாக இறங்கிப் படிவதும் பனிதான். இன்று நான் பேச வந்திருப்பது கடைசியாகச் சொன்ன வெண்பனியைப் பற்றி. சொல் ஒன்றாக இருப்பது சிரமம் என்றாலும், நம் முன்னோர் வேறொரு வகையில் நமக்கு உதவியிருக்கிறார்கள். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது பனிக்காலத்தை அவர்கள் ஒரே பொழுதாக விட்டுவிடவில்லை. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று இரண்டாக்கினார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கில், வட கரோலினாவும் டென்னசியும் எல்லை பகிர்ந்துகொள்ளும் தென் அப்பலாச்சியன் மலைகளைப் புரிந்துகொள்ள இந்தப் பகுப்பு மிகவும் பொருத்தமானது. அங்கே மாதம் கொஞ்சம் முந்துகிறது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முடியும்வரை முன்பனி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முன்பனிக் காலத்துப் பனிப்பொழிவின் வரலாறு என்ன, இனி அது என்னவாகும் என்பதே என் பேச்சு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மலைகளின் பனி வரலாறு பெரும்புயல்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அங்கே குளிர்காலத்தை உண்டாக்குவது அரை அங்குலமும் ஓர் அங்குலமுமாகப் பலமுறை விழும் சிறுபனி. புயல்களை எண்ணினால் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். சிறுபனி விழும் நாட்களை எண்ணினால்தான் மாற்றம் தெரியும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மிக உயரமான சிகரம் மவுண்ட் மிட்செல். உயரம் 6,684 அடி, அதாவது 2,037 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட அறுநூறு மீட்டர் குறைவு. எலிஷா மிட்செல் என்ற பேராசிரியர் 1835 முதல் அதை அளந்தார். அவர் சொன்ன அளவு சரிதானா என்ற தகராறு எழுந்தபோது, மீண்டும் அளக்கப் போன இடத்தில் 1857 ஜூனில் அருவியில் விழுந்து இறந்தார். கிரேட் ஸ்மோக்கி மலைகளின் உச்சி 6,643 அடி. செரோக்கி மக்கள் அதற்கு வைத்த குவோஹி என்ற பழம்பெயர் 2024 செப்டம்பரில்தான் அதிகாரப்பூர்வமாகத் திரும்பக் கிடைத்தது. உயரம் இவ்வளவுதான் என்றாலும் ஏற்ற இறக்கம் செங்குத்தானது. அடிவாரத்துச் சுற்றுலா ஊரான காட்லின்பர்க் ஏறத்தாழ 400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் ஏறிவிடக்கூடிய நியூஃபவுண்ட் கணவாய் 1,538 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கைப் போட்டால், ஊரில் ஏழு டிகிரி இருக்கும்போது கணவாயில் தண்ணீர் உறையும். ஊரில் மழை பெய்யும் அதே நேரத்தில், பனி காரணமாகக் கணவாய்ச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். இந்த வேறுபாடு ஊருக்கு ஊர் மாறுகிறது. நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் ஆஷ்வில், வட கரோலினாவிலேயே மழை குறைந்த இடம். அதன் ஓராண்டுப் பனிச் சராசரி ஏறத்தாழ 10 அங்குலம். நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மவுண்ட் மிட்செலில் அது ஏறத்தாழ 90 அங்குலம். ஆகவே, ‘அங்கே இந்த ஆண்டு பனி எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த உயரத்தில், எந்தச் சரிவில் என்று கேட்க வேண்டும்.

இந்த மலைகளுக்குப் பனி இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. மெக்சிகோ வளைகுடாவில் எழும் தாழ்வழுத்தம் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்காக நகரும். அதே நேரத்தில் கனடாவிலிருந்து இறங்கிய குளிர்காற்று மலைகளின் கிழக்கு ஓரத்தில் அணைகட்டி நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே நாளில் ஓரடி, இரண்டடி பனி கொட்டும். செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வருவது இதுதான். இரண்டாவது வழிக்கு அவ்வளவு பெயர் இல்லை. புயல் கடந்துபோன பிறகு காற்று திரும்பி வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பேரேரிகளின் மேலே வரும்போது அது கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். டென்னசிச் சமவெளியைக் கடந்து மாநில எல்லை முகட்டில் மோதி ஏறும். ஏறும்போது குளிர்ந்து, வாங்கிய ஈரத்தைத் தூவும். பெரிதாக எதுவும் விழாது. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் விடாமல் தூவிக்கொண்டே இருக்கும். காற்றெதிர்ச் சரிவில் உள்ள பீச் மவுண்டன் போன்ற ஊர்களில் சாலை வெளுத்துக் கிடக்கும்போது, மறுபக்கத்து ஆஷ்வில்லில் வெயில் அடிக்கும். பூன் நகரத்தில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேக்கர் பெரியும் அவருடன் சார்ல்ஸ் கான்ராடும் இந்த வடமேற்குக் காற்றுப் பனியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, காற்றெதிர்ச் சரிவுகளில் மொத்த ஆண்டுப் பனியில் பாதிவரை இதிலிருந்து வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். பேரேரிகள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில்தான் அதிகமாக உறைகின்றன. நவம்பரிலும் டிசம்பரிலும் அவை திறந்த நீராக, கோடையின் சூட்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஆகவே இந்தச் சிறுபனிக்கு முன்பனிக் காலம் உகந்தது.

இனிப் பதிவேட்டைப் புரட்டுவோம். 1950 நவம்பர் 24 முதல் 26 வரை அடித்த புயலைப் பெரும் அப்பலாச்சியன் புயல் என்றே அழைக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் மலையூர்களில் நான்கடிக்கு மேல் பனி கிடந்தது. தெற்கே அட்லாண்டாவில் வெப்பம் 3 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது உறைநிலைக்குக் கீழே பதினாறு செல்சியஸுக்கு இறங்கியது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1952 நவம்பரில், டென்னசிப் பள்ளத்தாக்கில் இருக்கும் நாக்ஸ்வில்லில் 18 அங்குலம் விழுந்தது; அவ்வளவு தாழ்வான ஊரில், நன்றிநவிலல் நாள் வருவதற்கு முன்பே. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி சூறாவளி நியூ ஜெர்சியில் கரை கடந்தபோது, அதன் பின்புறம் சுழன்று வந்த குளிர்காற்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஸ்மோக்கி மலைகளின் முகடுகளில் மூன்றடி அளவுக்குப் பனியைக் குவித்தது. இலை இன்னும் முழுதாக உதிராத காலம் அது. 2014 நவம்பர் முதல் தேதி, அதே ஸ்மோக்கித் தொடரின் லெகாண்ட் மலையில் ஒன்றரை அடிக்கு மேல் பனி. அதே நாளில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரம் தன் வரலாற்றிலேயே மிக முந்திய பனியைக் கண்டது. 2018 டிசம்பர் 8 முதல் 10 வரை வந்த புயலில் மவுண்ட் மிட்செலில் 34 அங்குலம். ஆஷ்வில் மூன்று ஆண்டுகளில் சராசரியாகக் காணும் பனி அந்தச் சிகரத்தில் மூன்றே நாளில் விழுந்தது. படிக்கும்போதே மலைப்பாக இருக்கிறது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர், ‘முக்கால் நூற்றாண்டாக முன்பனிக் காலத்தில் பெரும்பனி வந்துகொண்டுதானே இருக்கிறது, பிறகு என்ன மாற்றம்?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பதில் சொல்லியாக வேண்டும், சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு நம்பிக்கையைப் பார்க்க வேண்டும். முந்தி வரும் பனி, முழுக் குளிர்காலத்துக்கும் முன்னறிவிப்பு என்பது அந்த மலைமக்களிடம் ஊறிய எண்ணம். ஆகஸ்டில் எத்தனை காலை மூடுபனி கவிந்ததோ அத்தனை தடவை குளிர்காலத்தில் பனி விழும் என்று எண்ணி வைப்பார்கள். சீமைப் பனிச்சை மரத்தின் விதையைப் பிளந்து உள்ளே தெரியும் முளை கரண்டி வடிவமா, முள்கரண்டி வடிவமா, கத்தி வடிவமா என்று பார்ப்பார்கள். கரண்டி என்றால் பனியை வாரிக் கொட்ட வேண்டியிருக்கும் என்று பொருள். பேனர் எல்க் என்ற சிற்றூரில் 1978 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் கம்பளிப்பூச்சித் திருவிழா நடக்கிறது. பூச்சிகளை நூலில் ஏறவிட்டுப் பந்தயம் வைத்து, வென்ற பூச்சியின் பதின்மூன்று வளையங்களைக் குளிர்காலத்தின் பதின்மூன்று வாரங்களாகக் கொண்டு, கறுத்த வளையத்துக்குக் கடுங்குளிர், பழுப்பு வளையத்துக்கு மிதமான குளிர் என்று வாசிக்கிறார்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பைப் பார்த்து மழை சொன்ன மரபில் வந்த நமக்கு இதை இளக்காரமாகப் பார்க்க உரிமை இல்லை. அந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: குளிர்காலத்தை அவர்கள் ஒரே துண்டாகப் பார்க்கவில்லை, வாரம் வாரமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அது சரியான பார்வை. ஆனால் முதற்பனி மற்றதைச் சொல்லும் என்பது மட்டும் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. சாண்டி பனியைக் கொட்டிய 2012, அமெரிக்கப் பெருநிலம் அதுவரை கண்டவற்றிலேயே வெப்பம் மிகுந்த ஆண்டாக முடிந்தது. அந்த டிசம்பரும் மிதமாகவே கழிந்தது. 2014-இல் நவம்பர் முதல் தேதியே பனி வந்தும், டிசம்பர் வெதுவெதுப்பாகப் போய், கடுங்குளிர் 2015 பிப்ரவரியில்தான் வந்தது. 2018 டிசம்பர்ப் புயலுக்குப் பின் அந்தக் குளிர்காலத்தில் அதற்கு ஈடான ஒன்று வரவே இல்லை. முன்பனி ஒன்று, பின்பனி வேறு என்று நம்மவர்கள் பிரித்து வைத்தது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

கம்பளிப்பூச்சியை நம்பாதவர்கள் எல் நினோவை நம்புகிறார்கள். பசிபிக் பெருங்கடல் சூடேறினால் தென்கிழக்கு அமெரிக்காவின் குளிர்காலத்தில் ஈரம் கூடும், ஆகவே பனி கூடும் என்பது வழக்கமான கணிப்பு. ஈரம் கூடும் என்ற முதற்பாதி சரி. ஆனால் 2015 டிசம்பரைப் பாருங்கள். நூற்றாண்டின் பலமான எல் நினோக்களில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும் அதுவரை காணாத வெப்பத்தில் டிசம்பர் கழிந்தது. மலையில் விழுந்தது மழை. மாறாக 2009 டிசம்பரிலும் 2010 டிசம்பரிலும் அந்த மலைகள் பனியில் புதைந்தன. முதலாவது எல் நினோ ஆண்டு, இரண்டாவது நேர் எதிரான லா நினா ஆண்டு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று. ஆர்க்டிக்கைச் சுற்றிக் குளிரை அடைத்து வைத்திருக்கும் காற்றுவளையம் அந்த இரண்டு டிசம்பர்களிலும் தளர்ந்து கிடந்தது. அந்த வளையம் இறுகுவதும் தளர்வதுமாக மாறி வருவதற்கு ஆர்க்டிக் அலைவு என்று பெயர். 1950 முதல் வைத்திருக்கும் கணக்கில் 2009 டிசம்பரைப் போல அந்த அலைவின் குறியீடு தாழ்ந்த டிசம்பர் வேறு இல்லை. கூண்டு திறந்ததும் குளிர் தெற்கே இறங்கியது. 2010 கிறிஸ்துமஸ் அன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளுக்குப் பிறகு முதல் தடவையாக அட்லாண்டா நகரமே அளக்கும்படியான கிறிஸ்துமஸ் பனியைப் பார்த்தது. ஆகவே முன்பனிக் காலத்தில் அந்த மலைகளுக்கு ஈரத்தில் எப்போதும் குறையில்லை. வளைகுடா இருக்கிறது, அட்லாண்டிக் இருக்கிறது, உறையாத ஏரிகள் இருக்கின்றன. பற்றாக்குறை எப்போதும் குளிரில்தான். அந்தக் குளிரை அனுப்பும் அலைவு எப்போது திரும்பும் என்பதை இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நம்பிக்கையோடு யாராலும் சொல்ல முடிவதில்லை. செப்டம்பரிலேயே ‘இந்த டிசம்பரில் இத்தனை அங்குலம்’ என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பனியை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்; என் வாதம் ஒரு பலகையின் மேல்தான் நிற்கிறது. வெள்ளை வண்ணம் பூசிய ஒட்டுப்பலகை ஒன்று, ஒன்றரை அல்லது இரண்டடிச் சதுரம். காற்று அலைக்கழிக்காத, மரத்திலிருந்து சொட்டாத இடத்தில் தரையோடு தரையாக வைக்கிறார்கள். பனி நின்றதும், உருகும் முன், அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்திப் படிக்கிறார்கள். எழுதிக்கொண்டு பலகையைத் துடைத்து மீண்டும் வைக்கிறார்கள். நாளில் நான்கு தடவைக்கு மேல் இதைச் செய்யக்கூடாது என்பது விதி, ஏனென்றால் அடிக்கடி துடைத்தால் பனி அமுங்க நேரம் கிடைக்காமல் கூட்டுத்தொகை பொய்யாக உயரும். பத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் குறைவு என்றால் ‘சுவடு’ என்று மட்டும் குறிப்பு. பிறகு அதை உருக்கித் தண்ணீரை அளக்கிறார்கள். ஓர் அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது பொது வாய்பாடு. வடமேற்குக் காற்றில் வரும் இலேசான தூவலோ இருபது அங்குலம்வரை பொங்கி நிற்கும். ஊதினால் பறக்கும் பஞ்சு அது. ஒரு மணி நேரம் தாமதித்தால் வெயிலோ காற்றோ அதைக் கொண்டுபோய்விடும். பெரும்புயலின் பனியை யாரும் தவறவிட மாட்டார்கள். சிறுபனியை வேளை தவறாமல் ஒருவர் போய்ப் பார்த்தால்தான் அது வரலாற்றில் ஏறும். சாலையே இல்லாத லெகாண்ட் மலை உச்சியில், கோடையில் லாமா விலங்குகள் முதுகில் சாமான் சுமந்துபோகும் ஒரு விடுதி இருக்கிறது. விருந்தினர் இல்லாத குளிர்காலத்திலும் அங்கே தங்கியிருந்து ஒருவர் பனியை அளந்து எழுதுகிறார். மதிப்புக்குரிய வேலை அது. ஊதியமின்றி நாள்தோறும் அளந்து எழுதும் தொண்டர்களை நம்பியே 1890 முதல் அந்த நாட்டின் வானிலைப் பதிவேடு வளர்ந்திருக்கிறது. அவை அனைத்தையும் காக்கும் தேசியக் காலநிலை ஆவணக் காப்பகம் இருப்பதும் அதே மலைகளுக்கு நடுவில், ஆஷ்வில்லில்தான். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வெள்ளத்தில் நகரம் துண்டிக்கப்பட்டபோது அந்தக் காப்பகத்தின் சேவைகளும் நின்றுபோயின.

இப்போது எண்ணிக்கை என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். ஓர் எளிய கைக்கணக்கைப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்றால், காற்று ஒரு டிகிரி சூடேறும்போது மழை பனியாக மாறும் கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போகும். இமயத்தில் 150 மீட்டர் பெரிதல்ல. அங்கே மேலே இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் இருக்கிறது. தென் அப்பலாச்சியனில் மொத்த மலையே இரண்டாயிரம் மீட்டரில் முடிந்துவிடுகிறது. மலை கூம்பு வடிவம்; மேலே போகப் போகப் பரப்பு சுருங்கும். கோடு 900 மீட்டரிலிருந்து 1,050 மீட்டருக்கு ஏறினால் அகலமான பள்ளத்தாக்குகளும் ஊர்களும் பண்ணைகளும் பனியை இழக்கும். முகடுகள் மட்டும் மிஞ்சும். இதில் முதலில் அடிபடுவது எது? 2014-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பால் ஓகார்மன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. புவி சூடேறும்போது சராசரிப் பனி குறையும் அளவுக்குப் பெரும்பனி நிகழ்வுகள் குறைவதில்லை என்று அவர் காட்டினார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பெரும்பனி விழுவதற்கு உறைநிலைக்குச் சற்றே கீழான, ஒரு குறுகிய வெப்பநிலை வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் காற்றில் ஈரம் இருக்காது. அதைவிடச் சூடேறினால் மழை. காலநிலை மாறினாலும் அந்தக் குறுகிய இடைவெளியை ஏதாவது ஒரு நாள் எட்டத்தான் செய்யும். எட்டும்போது, டிகிரிக்கு ஏழு விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும் காற்று கொட்டித் தீர்க்கும். பெரும்புயலுக்கு ஆண்டுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தால் போதும். சிறுபனிக்கோ வாரத்துக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். குளிர் இறங்கும் நாட்கள் குறைந்தால் அது ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது, எந்தச் செய்தித்தாளிலும் வராமல்.

இதோடு முதல் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். 2012, 2014, 2018 என்று பெரும்புயல்களைக் காட்டி ‘ஒன்றும் மாறவில்லை’ என்பவர், கடைசியாகப் போகக்கூடிய ஒன்றைச் சாட்சியாக நிறுத்துகிறார். அதற்காக, பெரும்புயல்கள் என்றென்றும் வந்துகொண்டே இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. 2020-இல் வெளிவந்த வட கரோலினாக் காலநிலை அறிவியல் அறிக்கை, மாநிலத்தின் மொத்தப் பனியும் கனத்த பனிப்புயல்களின் எண்ணிக்கையும் குறையவே வாய்ப்பு என்று சொல்கிறது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது, நேர்மையானவர்கள் எழுப்புவது. ‘இது சுழற்சிதானே? 1930-களிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் இதே மலைகள் வெதுவெதுப்பாக இருந்தன, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பனி கொட்டியது, மறுபடி குறைகிறது, மறுபடி கூடும்’ என்பார்கள். உண்மை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதி சூடேறியபோது தென்கிழக்கு அமெரிக்கா அதிகம் சூடேறவில்லை; நடுப்பகுதியில் சில பத்தாண்டுகள் குளிர்ந்தும்கூட இருந்தது. ‘சூடேறாத ஓட்டை’ என்றே அதை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1985 ஜனவரியில்கூட மவுண்ட் மிட்செலில் வெப்பம் ஃபாரன்ஹீட்டில் சுழியத்துக்குக் கீழே 34 டிகிரிக்கு இறங்கியது. ஆகவே எழுபதுகளைத் தொடக்கமாக வைத்து ‘எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள்’ என்று காட்டினால் அது சமன் இல்லாத தராசு. நாமும் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் சுழற்சி என்றால் ஏறி இறங்கித் தொடங்கிய மட்டத்துக்கே வர வேண்டும். எழுபதுகளுக்குப் பிறகு அந்தப் பகுதியும் மற்ற உலகத்தோடு சேர்ந்து சூடேறத் தொடங்கிவிட்டது. அலைவு இன்னும் இருக்கிறது, அலைவு ஆடும் தளம் உயர்ந்துவிட்டது. இனி ஒரு 2009 வரும், ஒரு 2010 வரும். ஆனால் காற்றுவளையம் அதே அளவு தளர்ந்தாலும் இறங்கி வரும் குளிர் முன்போலக் கடுமையாக இருக்காது. மூன்றாவதாக, ‘ஏரிகள் சூடேறினால், உறைவது குறைந்தால், வடமேற்குக் காற்றுக்கு ஈரம் கூடுதலாகக் கிடைக்குமே, சிறுபனி பெருகாதா?’ என்று கேட்கலாம். ஏரிக்கரைகளில் சில காலம் அப்படி நடக்கலாம். தெற்கே உள்ள மலைகளுக்கு அந்த ஈரம் வந்து சேர்ந்தாலும் முகட்டில் காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாக வேண்டும். 1,800 மீட்டரில் அது இன்னும் பல பத்தாண்டுகள் நடக்கும். 1,000 மீட்டரில் அதே ஈரம் டிசம்பர்த் தூறலாகத்தான் விழும். ஈரம் கூடுவது அந்த இடத்தில் பனிக்கு உதவாது.

இன்னொரு கேள்வி உண்டு. அதை ஆட்சேபம் என்று சொல்ல மாட்டேன். பனி குறைந்தால் என்ன கெட்டுவிடும்? இமயத்தைப் போல அங்கே பனியை நம்பி ஆறுகள் இல்லை. ஆண்டு முழுதும் மழை உண்டு. விழுந்த பனி சில நாளில் உருகிவிடும். குடிநீருக்கு இதனால் ஆபத்து என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் 1,500 மீட்டருக்கு மேலே அந்த முகடுகளில் செந்தேவதாருவும் ஃப்ரேசர் தேவதாருவும் கலந்த காடு ஒன்று தீவுதீவாக நிற்கிறது. பனியுகம் முடிந்து வெப்பம் ஏறியபோது வடக்கே போக முடியாமல் உயரத்துக்கு ஏறித் தப்பிய காடு அது. கரோலினா வடபுலப் பறக்கும் அணில் போன்ற அருகிவரும் உயிர்கள் அதற்குள் வாழ்கின்றன. மவுண்ட் மிட்செலில் 1957-இல் கண்டறியப்பட்ட அயல்நாட்டுப் பூச்சி ஒன்று முதிர்ந்த ஃப்ரேசர் மரங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. அதன் உறவுப் பூச்சி ஒன்று 2002 முதல் ஸ்மோக்கி மலைகளின் ஹெம்லாக் மரங்களை அரித்து வருகிறது. இந்த இரண்டாவதைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது கடுங்குளிர். குளிர்ந்த நாட்கள் குறையக் குறைய மரத்தின் காவல் குறைகிறது. மேலே ஏறித் தப்பிய காட்டுக்கு இனி மேலே ஏற இடமில்லை. பிழைப்பின் பக்கமும் இருக்கிறது. 1961-இல் மேகி பள்ளத்தாக்கில் முதல் பனிச்சறுக்குத் தளம் தொடங்கிய காலம் முதல் அந்த மலையூர்களுக்குக் குளிர்கால வருமானம் பனியை ஒட்டித்தான். இப்போது அங்கே எல்லாத் தளங்களும் இயந்திரத்தால் பனி தூவுகின்றன. ‘இயந்திரம் இருக்கும்போது வானத்தை ஏன் பார்க்க வேண்டும்?’ என்றால், அந்த இயந்திரத்துக்கும், காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலை உறைநிலைக்கு இரண்டு டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். குளிர் இல்லாத இரவில் அது வெறும் நீர்த்தெளிப்பான். நவம்பரில் அப்படிப்பட்ட இரவுகள் குறைந்தால் தளம் திறக்கும் நாள் தள்ளிப்போகும். நன்றிநவிலல் விடுமுறை வருமானம் போனால் அந்தக் குடும்பங்களுக்கு அதை ஈடுகட்ட வழியில்லை.

இனி வரப்போவது என்ன என்று கேட்டால் என் கணிப்பு இது. உச்சி முகடுகளில் முன்பனிக் காலத்துப் பனி இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். நடுத்தர உயரத்து ஊர்களில் அரை அங்குலப் பனி நாட்கள் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் குறையும். நவம்பர் பனி அத்தி பூத்தாற்போல் ஆகும். நடுநடுவே 2018 போன்ற ஒரு புயல் வந்து, குளிர்காலம் திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் போகும். இந்தக் கணிப்பு சரியா தவறா என்பதை எதிர்காலத்தில் முடிவு செய்ய வேண்டுமானால், அதற்குச் சிறுபனியின் கணக்கு வேண்டும். இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அட்லாண்டாவிலும் சார்லட்டிலும் ராலேயிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. பனி விழுந்த செய்தி கேட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். கொலராடோவில் 1998-இல் தொடங்கி இன்று எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கும் கோகோராஸ் என்ற தொண்டர் வலையமைப்பு, மழையையும் பனியையும் வீட்டு முற்றத்தில் அளந்து அனுப்ப யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்கிறது. நான்கு அங்குல விட்டமுள்ள ஒரு மழைமானி, ஒரு வெள்ளைப் பலகை, ஓர் அளவுகோல், காலையில் ஐந்து நிமிடம், வேறொன்றும் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். பெரும்பனி விழுந்தால் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாமல் பத்தில் ஒரு பங்கு அங்குலம் விழுந்தாலும் எழுதச் சொல்லுங்கள். பனி விழும் என்று எல்லோரும் காத்திருந்து வெறும் மழை பெய்துபோன டிசம்பர்க் காலையிலும் மறக்காமல் பனிக்கு நேரே சுழியம் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.